வீட்ல பசங்களுக்கு கணக்கும் ஃபோனிக்ஸும் சொல்லித்தர்றது எப்படி: பிரிக்கவும் சேர்க்கவும் வந்துட்டா பாதி கிணறு தாண்டியாச்சு

"கு... ஏ... டு. கு-ஏ-டு. குவேடு!"

பூனை படம் போட்ட அட்டையில இருந்த இங்கிலீஷ் வார்த்தையை என் பையன் முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படிச்ச லட்சணம் இது. படிச்சுட்டு பெருமையா என் மூஞ்சியைப் பாக்கறான், எனக்கோ சிரிப்பு ஒரு பக்கம் எரிச்சல் ஒரு பக்கம், "கேட்-னு சொல்லுடா, குவேடா அது"-ன்னு நானும் கத்தியாச்சு. அப்புறம் ராத்திரி படுத்துட்டு யோசிச்சா தப்பு அவன்மேல இல்ல, முழுக்க என்மேலதான். ஒரு வாரமா நான்தான் உக்காந்து "இது க்கு, இது ட்டு, இது ப்பு, இது ஸ்ஸு"-ன்னு சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன். கு, ஏ, டு மூணையும் சேர்த்தா குவேடுதான் வரும், கேட் எப்படி வரும்? பாவம் அவன் கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்.

நம்ம வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கு, எந்த வார்த்தையும் மெய்யெழுத்துல பட்டுன்னு முடியறது அதுக்குப் பிடிக்காது, பின்னாடி ஒரு உகரத்தை ஒட்டிடும். புக்கு, பஸ்ஸு, கேட்டு, பென்னு. பேசும்போது ஒண்ணும் தப்பில்ல, ஆனா ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தோட ஒலியைச் சொல்லி ஒலியைச் சேர்த்துப் படிக்க வைக்கற முறை, அதைச் சொல்லித்தரும்போது அந்த ஒட்டு 'உ'தான் எல்லாத்தையும் கெடுக்குது. இதுல வேடிக்கை என்னன்னா உலகத்துல பல பேரு கஷ்டப்பட்டு புரிஞ்சுக்கற விஷயத்துக்கு நம்மகிட்ட ஒரு அடையாளமே இருக்கு, புள்ளி. க்-ங்கறது வெறும் ஒலி, க-ங்கறது அந்த ஒலியோட அ சேர்ந்தது. க் + அ = க-ன்னு ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சோமே அதுதான் பிளெண்டிங், வேற ஒண்ணும் இல்ல. அதனால "எனக்கே ஃபோனிக்ஸ் தெரியாது, நான் படிச்சப்ப ஏ ஃபார் ஆப்பிள்தான்"-ன்னு பயப்படறவங்க பயப்பட வேணாம், உங்களுக்கு ஏற்கனவே தெரியும், பேருதான் தெரியாது.

கணக்கும் இதே கதைதான்னு எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. கேட்-ங்கற வார்த்தையை மூணு ஒலியா உடைக்கத் தெரியணும், மூணு ஒலியைக் கொடுத்தா சேர்க்கத் தெரியணும். பத்தை 7-ம் 3-மா உடைக்கத் தெரியணும், 7-ம் 3-ம் கொடுத்தா பத்துன்னு சேர்க்கத் தெரியணும். சின்ன கிளாஸ்ல ரெண்டு சப்ஜெக்ட்டுக்கும் அடியில இருக்கறது இந்த ஒரே வேலைதான், இதை விட்டுட்டு நாம மனப்பாடம் பண்ண வைக்கறோம், அது கொஞ்ச நாள் ஓடும் அப்புறம் முட்டிக்கும்.

முதல்ல காது, அப்புறம்தான் எழுத்து

ஃபோனிக்ஸ்னா உடனே அட்டை, சார்ட், ஒர்க்‌ஷீட்னு வாங்கிக் குவிக்காதீங்க. முதல் ரெண்டு வாரம் எழுத்தே வேணாம், வாயும் காதும் போதும். குளிக்க வைக்கும்போது, துணி மடிக்கும்போது "அந்த ஸ்-ஆ-க்-ஸ் எடுத்துட்டு வா"-ன்னு ஒலி ஒலியா பிச்சு சொல்லுங்க, குழந்தை சாக்ஸ் எடுத்துட்டு வந்தா அது பிளெண்டிங் பண்ணிடுச்சுன்னு அர்த்தம். "உன் பேரு எந்த சத்தத்துல ஆரம்பிக்குது, கடைசில என்ன சத்தம் வருது", "பஸ், பால், பேக், சன், இதுல எது கூட்டத்துல சேராதது", இந்த மாதிரி விளையாட்டா கேக்கலாம். தமிழ் வார்த்தைல பண்ணினாலும் சரிதான், ம்-ஆ-ன், க்-ஆ-ல், காது பழகறதுதான் முக்கியம், எந்த பாஷைல பழகினாலும் அந்தத் திறமை இன்னொண்ணுக்குப் போகும்.

அடுத்தது எழுத்து. இங்க பெரும்பாலான வீட்ல ஏ, பி, சி, டி-ன்னு வரிசையா ஆரம்பிப்பாங்க, அது அகராதி பாக்கறதுக்கு நல்ல வரிசை, படிக்க ஆரம்பிக்கறதுக்கு நல்ல வரிசை இல்ல. ஃபோனிக்ஸ் சொல்லித்தர்ற பல இடத்துல முதல்ல எடுத்துக்கறது எஸ், ஏ, டைகர்ல வர்ற டி, ஐ, பென்ல வர்ற பி, என், இந்த ஆறைத்தான். காரணம் சிம்பிள், இந்த ஆறே எழுத்தை வச்சு பின், டின், சிட், டிப், பிட், நிப்-னு ஒரு டஜனுக்கு மேல வார்த்தை படிச்சுடலாம். ஆறு எழுத்து தெரிஞ்ச உடனே குழந்தை "நான் படிக்கறேன்"-ன்னு நினைக்குது பாருங்க, அந்த நெனப்புதான் மிச்சத்தை இழுத்துட்டுப் போகும். 26 எழுத்தையும் முடிச்சுட்டுதான் வார்த்தைன்னா ஆறு மாசம் பிள்ளை எதுக்குப் படிக்கறோம்னே தெரியாம படிக்கணும்.

எழுத்தோட பேரும் எழுத்தோட ஒலியும் வேற வேறங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. எம்-ங்கறது பேரு, ம்ம்ம்-ங்கறது ஒலி. நாயோட பேரு டைகர், அது கத்தறது வள் வள், அந்த மாதிரின்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன், அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போய் எல்லா எழுத்தையும் காட்டி "இது எப்படிக் கத்தும்?"-னு கேக்க ஆரம்பிச்சுட்டா. ஆரம்பத்துல ஒலிக்கே முக்கியத்துவம் கொடுங்க, பேரு தன்னால ஒட்டிக்கும்.

சேர்க்கும்போது ஒரு சின்ன டெக்னிக் இருக்கு, இதை யாரும் எனக்கு சொல்லல, தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் மிச்சம் ஆகியிருக்கும். சில ஒலியை நீட்டலாம், ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன், ஃப்ஃப்ஃப், ல்ல்ல். சிலதை நீட்டவே முடியாது, க், ட், ப், வந்த வேகத்துல முடிஞ்சுடும். அதனால முதல் வார்த்தை எல்லாம் நீட்டற ஒலில ஆரம்பிக்கற மாதிரி எடுங்க, சன், மேன், ஃபின், லிப். ஸ்ஸ்ஸ்அஅஅன்ன்ன்-னு மூச்சை நடுவுல விடாம வழுக்கிட்டுப் போகணும், அப்புறம் அதையே வேகமா. ஸ், நிறுத்தம், அ, நிறுத்தம், ன்-னு துண்டு துண்டா சொன்னா பாதிப் பிள்ளைங்களுக்கு மூணாவது துண்டு வரும்போது முதல் துண்டு மறந்துபோயிடும். கேட், டாப் மாதிரி முன்னாடி நிக்கற ஒலியை நீட்ட முடியாததை ரெண்டாவது மூணாவது வாரத்துக்குத் தள்ளுங்க.

இந்த ஏ-ங்கற எழுத்தோட குட்டி ஒலி இருக்கே, மேன், கேட்-ல வர்றது, அது நம்ம ஆவன்னாவும் இல்ல ஏயன்னாவும் இல்ல. வாயை ஆ சொல்ற அளவுக்குத் திறந்துட்டு ஏ சொல்லிப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும். கண்ணாடி முன்னாடி நின்னு சேர்ந்து கோணவாய் வச்சு பண்ணுங்க, சிரிப்பா இருக்கும், ஆனா பதியும்.

தமிழ்ப் பிள்ளைங்களுக்குன்னே வர்ற சிக்கல்

இதைத் தனியா சொல்லணும். நம்ம எழுத்துல 'ப' ஒண்ணுதான். பாட்டு-ல வர்றப்ப ஒரு ஒலி, தம்பி-ல வர்றப்ப வேற ஒலி, ஆனா எழுத்து ஒண்ணே, எங்க எது வரும்னு நம்ம காதுக்கே தெரியும், அதனால பிரிச்சு எழுத அவசியமே வரல. க, ட-வும் அப்படித்தான். இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு ரெண்டு எழுத்து. அதனால நம்ம வீட்டுப் பிள்ளை பிக்-ங்கறதை எழுதச் சொன்னா எந்த பி போடறதுன்னு திணறும், அது கவனக்குறைவு இல்ல, காது இன்னும் பிரிச்சுக் கேக்கப் பழகல. (இதை எழுதும்போதே எனக்கு இந்தப் பிரச்சினை வருது பாருங்க, பென் பி, பால் பி-ன்னு சொன்னாதான் எந்த எழுத்துன்னு உங்களுக்கே புரியும். வீட்லயும் அப்படித்தான் சொல்றோம், டைகர் டி, டாக் டி.)

இதுக்கு நல்ல வைத்தியம் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர். வாய்க்கு முன்னாடி ஒரு சாண் தள்ளி தொங்க விட்டு பென்-னு சொல்லச் சொல்லுங்க, காத்து பட்டு பேப்பர் ஆடும். பால்-னு சொன்னா அவ்வளவா ஆடாது. ஸ் ஒலிக்கும் ஜூ-ல வர்ற இஸட் ஒலிக்கும் தொண்டையில கை வச்சுப் பாக்கச் சொல்லணும், ஸ்ஸ்ஸ்-ல ஒண்ணும் தெரியாது, இஸட்ல வண்டு மாதிரி அதிரும். ஃபேன்-ங்கறது பேன் ஆகாம இருக்கணும்னா மேல்பல்லு கீழுதட்டைத் தொடணும், அவ்வளவுதான். இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை, ஆனா பிள்ளைக்கு ஒலிங்கறது உடம்புல எங்க நடக்குதுன்னு புரிஞ்சுடுது.

பால் பி-யையும் டாக் டி-யையும் திருப்பித் திருப்பி எழுதறது பத்தி எல்லாருமே கவலைப்படறாங்க. ஆறு ஏழு வயசு வரைக்கும் இது ரொம்ப சாதாரணம், 3-ஐயும் 7-ஐயும் திருப்பிப் போடறதும் அப்படித்தான். ரெண்டு கையையும் மூடி கட்டை விரலை மட்டும் தூக்கி முஷ்டியை முஷ்டியோட ஒட்டினா கட்டில் மாதிரி வரும், கட்டிலுக்கு இங்கிலீஷ்ல பெட், இடது கை பால் பி, வலது கை டாக் டி, நடுவுல ஈ படுத்திருக்கு. எழுதும்போது மேஜைக்கு அடியில கையை வச்சு யாருக்கும் தெரியாம பாத்துக்கலாம், என் பொண்ணு ரொம்ப நாளா அதைத்தான் பண்ணிட்டு இருந்தா.

எழுத வைக்கறது படிக்கறதுக்கு நேர் எதிர் வேலை, சேர்க்கறதுக்கு பதிலா பிரிக்கணும். ஒரு பேப்பர்ல பக்கத்து பக்கத்துல மூணு கட்டம் போட்டுக்கோங்க, மூணு பட்டன் எடுத்துக்கோங்க. சன்-னு நீங்க சொல்லுங்க, பிள்ளை ஸ்-னு சொல்லி ஒரு பட்டனை முதல் கட்டத்துக்குள்ள தள்ளணும், அ-ன்னு சொல்லி ரெண்டாவது, ன்-னு சொல்லி மூணாவது. நாலு நாள் கழிச்சு பட்டனுக்குப் பதிலா எழுத்து. ஷிப்-னு சொன்னா எத்தனை கட்டம்? மூணுதான், எழுத்து நாலு ஆனாலும் ஒலி மூணு. எஸ்-ஸும் ஹெச்-சும் சேர்ந்து ஒரே கட்டத்துல ஷ்-னு உக்காந்துக்கும். இங்கிலீஷ்ல எழுத்து 26-தான், ஒலி ஏறக்குறைய 44, அதனால எழுத்தெல்லாம் ஜோடி சேர்ந்து வேலை பாத்தே ஆகணும்னு அப்படியே கதையா சொல்லிடலாம்.

கடைசில வர்ற பேசாத ஈ-யும் அப்படித்தான். கிட்-க்குப் பின்னாடி ஒரு ஈ போட்டா கைட், ஹாப்-க்குப் பின்னாடி போட்டா ஹோப், டப்-க்குப் பின்னாடி போட்டா ட்யூப். தான் வாயைத் திறக்காது, முன்னாடி இருக்கற உயிரெழுத்தை அதோட சொந்தப் பேரைச் சொல்ல வச்சுடும். ஒரு அட்டையில ஈ மட்டும் எழுதி, வார்த்தைக்குப் பின்னாடி வச்சு வச்சு எடுத்துக் காட்டுங்க, அரை மணி நேரம் இதையே பண்ணிட்டு இருப்பாங்க.

அப்புறம் எந்த விதிக்கும் அடங்காத வார்த்தைங்க இருக்கு, செட், வாஸ், ஒன், டூ மாதிரி. இதை முழுசா படமா மனப்பாடம் பண்ணுன்னு சொல்லாம "இதுல எது ஒழுங்கா இருக்கு, எது குறும்பு பண்ணுது"-ன்னு கேளுங்க. சொன்னான்ங்கற அர்த்தத்துல வர்ற செட்-ல முதல் ஒலியும் கடைசி ஒலியும் ஒழுங்குதான், நடுவுல ஏ-யும் ஐ-யும் சேர்ந்து எ-ன்னு சொல்லுது, அது ஒண்ணுதான் குறும்பு. குறும்பு எழுத்தை மட்டும் கலர் பென்சில்ல அடிச்சு வச்சா போதும். ஒரு வாரத்துக்கு மூணு நாலு வார்த்தைக்கு மேல வேணாம்.

படம் பாத்து ஊகிக்கறதை மட்டும் ஊக்குவிக்காதீங்க. குதிரை படம் போட்டிருந்தா எழுத்தைப் பாக்காமலே ஹார்ஸ்-னு சொல்லிடுவாங்க, அங்க எழுதியிருக்கறது போனி-யா இருக்கும். நான் படத்தைக் கையால மூடிக்குவேன், படிச்சு முடிச்ச அப்புறம் கையை எடுத்து "நீ சொன்னது சரியான்னு பாப்போம்"-ன்னு காட்டுவேன்.

தமிழ் படிக்கறதுக்கும் இதே வழிதான், 247 எழுத்துன்னு சார்ட்டைக் காட்டி மிரட்டாதீங்க. 12 உயிர், 18 மெய், அப்புறம் கால், கொம்பு, சுழின்னு கொஞ்சம் குறி, அதைப் பிடிச்சுட்டா 216 உயிர்மெய்ல பெரும்பகுதி தானா வரும். அடம் பிடிக்கறது உகர ஊகார வரிசைதான், கு, சு, டு, மு-ன்னு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வளையும், அதை மட்டும் தனியா உக்காந்து பழகணும். கொம்பு முன்னாடி வர்றதும் குழப்பும், கெ-யில கண்ணு முதல்ல பாக்கறது கொம்பை, வாய் முதல்ல சொல்றது க்-ஐ. ல ள ழ-வை எழுத்துல திருத்தறதுக்கு முன்னாடி நாக்குல திருத்துங்க, நீங்களே வாழைப்பழத்தை வாளப்பளம்னு சொல்லிட்டு நோட்டுல சிவப்பு மை போட்டா எப்படி?

கணக்கு: நோட்டை மூடி வச்சுட்டு பட்டனைக் கொட்டுங்க

ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் கடகடன்னு சொல்ற பிள்ளை கிட்ட எட்டு பட்டனைக் கொட்டி எத்தனைன்னு கேட்டுப் பாருங்க. எண்ணி எட்டுன்னு சொல்லும். "சரி, மொத்தம் எத்தனை?"-ன்னு மறுபடி கேட்டா சில பிள்ளைங்க திரும்ப ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிக்கும். அதுக்கு எண்றதுங்கறது பாட்டு மாதிரி, கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்தம்ங்கறது இன்னும் விழல. இது விழாம கூட்டல் ஆரம்பிச்சா எல்லாம் ஆட்டம் காணும். இதை அதட்டாம, தினம் எதையாவது எண்ண வச்சு, கடைசி நம்பர் வந்ததும் கையால மொத்தத்தையும் வளைச்சுக் காட்டி "ஆக எட்டு"-ன்னு நீங்க சொல்லிட்டே வந்தா தானா வந்துடும்.

எண்ணாமலே பாக்கவும் பழக்கணும். லூடோ பகடைல அஞ்சு புள்ளியைப் பாத்தா நாம எண்றோமா? பாத்ததும் அஞ்சு. மூணு நாலு பட்டனை வச்சு கையால மூடி, ஒரு செகண்டு திறந்து காட்டி மூடிடுங்க, எத்தனைன்னு கேளுங்க. ஆறு, ஏழு வச்சா "ஒரு பக்கம் நாலு ஒரு பக்கம் மூணு இருந்துச்சு"-ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க, அப்படியே உடைக்கற வேலை ஆரம்பிச்சாச்சு.

அப்புறம் பத்து. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித்தர நேரம் இருக்குன்னா பத்தோட ஜோடியைத்தான் சொல்லித்தருவேன். 9-1, 8-2, 7-3, 6-4, 5-5. பத்து பட்டனை எண்ணி வச்சுட்டு பிள்ளை கண்ணை மூடும்போது கொஞ்சத்தை மறைச்சுடுங்க, வெளியில 6 இருந்தா உள்ள எத்தனை? கார்ல போகும்போது நீங்க 3-ன்னா அவன் 7-ங்கணும், 8-ன்னா 2-ங்கணும். இது விரல் எண்ணாம டக்குன்னு வர்ற வரைக்கும் மாசக்கணக்கானாலும் விடாதீங்க. ஏன்னா 8 + 5 கேட்டா 8-க்கு ரெண்டு வேணும் பத்தாக, அஞ்சுலேருந்து ரெண்டைப் பிச்சுக் கொடுத்தா மிச்சம் மூணு, 13. பின்னாடி 48 + 5 வந்தாலும் அதே ரெண்டு, அதே மூணு, 53.

விரல் விட்டு எண்ணினா அடிக்கற ஆளுங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, விரல்ங்கறது கூடவே வர்ற மணிச்சட்டம். ஆனா ஒண்ணு, 2 + 9-க்கு ரெண்டுலேருந்து ஒம்பது விரல் எண்றதுக்கு பதிலா பெரிய நம்பரை மனசுல வச்சுட்டு சின்னதை விரல்ல எண்ணச் சொல்லுங்க, "ஒம்பது மண்டைல, பத்து, பதினொண்ணு". பாதி வேலை மிச்சம்.

நம்பர் பேரை ரெண்டு பாஷையிலயும் சொல்லுங்க. பதினேழுன்னா பத்தும் ஏழும்னு பேருலயே இருக்கு, செவன்டீன்ல ஏழு முதல்ல காதுல விழுது, அதனாலதான் 71-னு எழுதிட்டு வந்து நிக்கும். தர்ட்டீனும் தர்ட்டியும் வேற ஒரே மாதிரி கேக்கும். சந்தேகம் வந்தா தமிழ்ல சொல்லிப் பாருன்னு நான் சொல்றது. ஆனா நம்ம ஆளும் 90-ல காலை வாரி விடுவாரு, எண்பத்தொம்பதுக்கு அடுத்து தொண்ணூறுன்னு நூறை உள்ள வச்சு ஒரு பேரு, 900 வந்தா தொள்ளாயிரம்னு உள்ள ஆயிரம். அந்த இடத்துல பிள்ளை நூறுக்குத் தாவினா திட்டாதீங்க, பேரு வச்சவங்களைத்தான் கேக்கணும்.

நூத்தி அஞ்சு எழுதச் சொன்னேன், 1005-னு எழுதினான். எனக்குக் கோவம், "ஆயிரமாடா இது?" அவன் அழுதுட்டே சொல்றான், "நூறு எழுதினேன், பக்கத்துல அஞ்சு எழுதினேன், நீதானே நூத்தி அஞ்சுன்னே". யோசிச்சா சொல்றது நியாயம்தான். அன்னிக்கு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி 100, 200-னு மூணு இலக்க அகலத்துக்கு கொஞ்சம், 10, 20, 30-னு ரெண்டு இலக்க அகலத்துக்கு கொஞ்சம், 1 முதல் 9 வரைக்கும் ஒரு இலக்க அகலத்துக்கு கொஞ்சம் பண்ணினேன். 100 அட்டையோட வலது ஓரத்துல 5 அட்டையை மேல வச்சா கடைசி பூஜ்யம் மறைஞ்சு 105. தூக்கிப் பாத்தா பூஜ்யம் கீழ இருக்கு. 30-ஐயும் வச்சு அது மேல அஞ்சை வச்சா 135. பத்து நிமிஷம் வச்சு வச்சு தூக்கித் தூக்கிப் பாத்தான், அதுக்கப்புறம் 1005 வரவே இல்ல. நான் நாலு நாள் கத்தினதுக்கு அந்த அட்டைப்பெட்டியை முதல் நாளே வெட்டியிருக்கலாம்.

கழித்தல்ல கடன் வாங்கறதுக்கும் கையில பொருள் வேணும். 52-லேருந்து 38 கழின்னா பல பிள்ளைங்க 26-ன்னு எழுதும், அஞ்சுல மூணு போனா ரெண்டு, எட்டுல ரெண்டு போனா ஆறு, எது பெருசோ அதுலேருந்து சின்னதைக் கழிச்சுடும். குச்சியைப் பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க, அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. எட்டு உதிரி கொடுன்னா இல்ல, என்ன பண்ணலாம்? ஒரு கட்டை அவுக்கணும். இப்ப நாலு கட்டு, பன்னெண்டு உதிரி, எட்டு கொடுத்தா நாலு மிச்சம், நாலு கட்டுல மூணு கொடுத்தா ஒண்ணு மிச்சம், 14. அந்த ரப்பர் பேண்டு அவுக்கற செகண்டுதான் முழுப் பாடமும். "கடன் வாங்கறோம்"-னு நான் சொன்னப்ப "எப்பப்பா திருப்பித் தருவோம்?"-னு கேட்டா பொண்ணு, அதுலேருந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு கட்டு அவுக்கறது.

சமம் குறியைப் பத்தி ஒரு சோதனை வச்சுப் பாருங்க, 8 + 4 = __ + 5. நிறைய பிள்ளைங்க கோட்டுல 12 எழுதும். அதுக்கு சமம்னா "விடையை இங்க எழுது"-ன்னு அர்த்தம், ரெண்டு பக்கமும் ஒரே எடைங்கறது அர்த்தம் இல்ல. 12 = 7 + 5-னு அப்பப்ப தலைகீழா எழுதிக் காட்டிட்டு வாங்க, தராசு மாதிரி ஒரு படம் போட்டு ரெண்டு தட்டுலயும் பட்டன் வையுங்க. இதை சின்ன கிளாஸ்ல விட்டா அல்ஜீப்ரா வரும்போது வந்து உதைக்கும்.

வாய்ப்பாடு

பத்து வரைக்கும் வாய்ப்பாடுன்னா நூறு விடை மனப்பாடம்னு பிள்ளைங்க மலைச்சுப் போறாங்க. நூறு கட்டம் போட்டு பக்கத்துல உக்கார வச்சு அடிச்சுக்கிட்டே வாங்க. பட்டனை 3 வரிசையா 4 அடுக்கி பேப்பரை அப்படியே திருப்பினா 4 வரிசையா 3, ரெண்டும் 12, அதனால திருப்பிப் போட்டதெல்லாம் அடி, மிச்சம் 55. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து வாய்ப்பாடு சுலபம், அதையும் அடி, மிச்சம் 21. ஒம்பதுக்கு விரல் இருக்கு, 9 × 4-னா இடதுலேருந்து நாலாவது விரலை மடக்கு, இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் ஆறு, 36, அதையும் அடி. மிச்சம் வெறும் 15. அந்த பதினஞ்சுலயும் நாலாம் வாய்ப்பாடுன்னா ரெண்டாம் வாய்ப்பாட்டோட டபுள், 7 × 4 28, அதோட டபுள் 7 × 8 56. ஆறுன்னா அஞ்சோட ஒண்ணு கூட, 5 × 7 35, இன்னொரு 7, 42. மனப்பாடம் கடைசில பண்ணத்தான் வேணும், வேண்டாம்னு சொல்ற ஆளு நான் இல்ல, ஆனா மறந்துபோனா திரும்பிப் போக ஒரு வழி இருக்கணும், பாட்டா மட்டும் தெரிஞ்சவன் ஏழாறு கேட்டா ஓரேழிலேருந்து ஆரம்பிப்பான்.

வாக்கியக் கணக்குல "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி"-ன்னு சொல்லித்தராதீங்க. "ரவிகிட்ட 8 பென்சில், அது மீனாகிட்ட இருக்கறதை விட 3 அதிகம், மீனாகிட்ட எத்தனை?" அதிகம்-னு பாத்ததும் 11-னு எழுதிட்டு ஓடிடும், விடை 5. படம் வரையச் சொல்லுங்க, ரெண்டு பட்டை, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, யாரோடது நீளம்? நம்பரை எல்லாம் எடுத்துட்டு கதையை மட்டும் முதல்ல சொல்லச் சொன்னாலும் நல்லா வேலை செய்யும்.

பின்னத்துக்கு பேப்பர் மடிங்க, அவ்வளவுதான். நாலுல ஒரு பங்கு பெருசா மூணுல ஒரு பங்கு பெருசான்னு கேட்டா நாலு பெருசுன்னு சொல்லும், ஒரே அளவு ரெண்டு பேப்பரை மடிச்சு வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு வச்சதும் வாயை மூடிக்கும்.

எப்ப, எவ்வளவு நேரம்

தினம் பத்து நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் கணக்கு, போதும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கறதை விட இது எவ்வளவோ மேல். பிள்ளை போதும்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நீங்க நிறுத்திடணும், இது கஷ்டம், நல்லா போயிட்டு இருக்கேன்னு இன்னும் ஒண்ணுன்னு இழுக்கத் தோணும், இழுத்தா அடுத்த நாள் பட்டன் டப்பாவைப் பாத்ததும் ஓடிடும். நேத்து பண்ணினதுல ரெண்டு, போன வாரத்துல ஒண்ணு, புதுசு ஒண்ணு, இந்த அளவுல கலந்து கொடுங்க. தப்பா சொன்னா "தப்பு"-ன்னு உடனே வெட்டாம "எப்படி வந்துச்சு?"-ன்னு கேளுங்க, சரியா சொன்னாலும் அதையே கேளுங்க, இல்லன்னா எப்படின்னு கேட்டாலே தப்புன்னு கண்டுபிடிச்சு விடையை மாத்திடுவாங்க. ஸ்கூல்ல வேற முறைல கழித்தல் சொல்லிக்கொடுத்திருந்தா அதையே முதல்ல பாத்துட்டு வாங்க, உங்க முறை எங்க முறைன்னு ரெண்டு பக்கம் இழுத்தா நடுவுல பிள்ளைதான் கிழியும். நீங்க வேலை முடிஞ்சு கோவமா வந்த நாள்ல லீவு விட்டுடுங்க, கதை மட்டும் படிச்சுக் காட்டுங்க. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துட்டா கதை படிச்சுக் காட்டறதை பல பேரு நிறுத்திடறாங்க, நிறுத்தாதீங்க, அவங்களா படிக்கறதை விட ரெண்டு மூணு படி மேல இருக்கற வார்த்தை எல்லாம் அதுல இருந்துதான் காதுக்குப் போகுது.

இவ்வளவும் பொறுமையா பல மாசம் பண்ணியும் ஏழு எட்டு வயசுல மூணு ஒலியை சேர்க்கவே முடியல, பத்துக்குள்ளயே எது பெருசுன்னு தடுமாறுதுன்னா சோம்பேறின்னு முடிவு கட்டாம முதல்ல கண்ணையும் காதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்புறம் டீச்சர்கிட்ட டிஸ்லெக்ஸியா (படிக்கறதுல வர்ற சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்குல வர்ற சிரமம்) சோதனை பத்திக் கேளுங்க. அடிக்கடி சளி பிடிச்சு காது அடைச்சுக்கற பிள்ளைங்களுக்கு ஸ்-ஸும் ஃப்-ஃபும் ஒரே மாதிரி கேக்கலாம், அதுக்கு நீங்க எவ்வளவு அட்டை வெட்டினாலும் பிரயோஜனம் இல்ல, டாக்டர்தான் பாக்கணும்.